நான்கு ஸ்ட்ரோக் மாதிரி விமான எஞ்சினுக்குப் புகைக்குழாயும் சைலன்சரும்: பொருத்தி ஓட்டிப் பார்த்த பின் ஒரு மதிப்பீடு

91 அளவு என்று வழக்கில் சொல்லப்படும் 15 சி.சி. ஒற்றைச் சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் குளோ எஞ்சினுடன் (சூடான இழை கொண்ட பிளக்கால் எரிபொருளை எரிப்பது) பெட்டியிலேயே வரும் புகைக்குழாய், சைலன்சர், லாக் நட்டுகள், மெல்லிய ஸ்பானர் ஆகியவற்றையும், தனியாக வாங்கிச் சேர்த்த வளையும் எஃகுக் குழாய், சிலிக்கோன் வாய்க்குழாய் ஆகிய இரண்டையும் இங்கே மதிப்பிடுகிறேன். தயாரிப்பாளரின் பெயரைக் குறிப்பிடவில்லை. நான் சொல்லவிருக்கும் குறைகளில் பெரும்பாலானவை இவ்வகை எஞ்சின்கள் அனைத்துக்கும் பொதுவானவை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெட்டியில் வரும் சைலன்சரை மாற்ற வேண்டிய தேவை பெரும்பாலோருக்கு இல்லை. பணமும் கவனமும் செல்ல வேண்டிய இடம், அந்தச் சைலன்சரை எஞ்சினோடு இணைக்கும் மரைகள்தாம்.

தொகுப்பைப் பிரித்துப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. முலாம் பூசிய எஃகாலான, முழங்கை போல வளைந்த குட்டையான புகைக்குழாய். அதன் இரு முனைகளிலும் நுண்ணிய மரை. இரண்டு லாக் நட்டுகள். அலுமினியத்தில் கடைந்த, உள்ளே ஒரே அறை கொண்ட உருளை வடிவச் சைலன்சர். அதன் பக்கவாட்டில் எரிபொருள் டேங்குக்கு அழுத்தம் கொடுக்கும் சிறு நிப்பிள். கடைசல் வேலை சுத்தமாக இருக்கிறது, மரைகள் கையாலேயே தடையின்றி ஏறுகின்றன. ஸ்பானரை மட்டும் பாராட்ட முடியாது. தகட்டிலிருந்து வெட்டி எடுத்த அதன் வாய் கொஞ்சம் அழுத்தினாலே விரிந்துகொள்வதால், நட்டின் முனைகள் மழுங்கத் தொடங்குவதற்கு முன்பே சரியான அளவில் வேறொரு ஸ்பானரை வாங்கி, அதன் தடிப்பை அரத்தால் குறைத்து வைத்துக்கொள்வது நல்லது.

ஒலியைப் பொறுத்தவரை இந்தச் சிறு உருளையால் என்ன செய்ய முடியும், எது முடியாது என்பதைப் புரிந்துகொண்டால் வீண் செலவு குறையும். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை புகையை வெளித்தள்ளுகிறது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் தள்ளுகிறது. நிமிடத்துக்கு 10,000 சுற்றில் ஓடும்போது முன்னதன் அடிப்படை அதிர்வெண் ஏறத்தாழ 167 ஹெர்ட்ஸ், பின்னதன் அடிப்படை அதிர்வெண் ஏறத்தாழ 83 ஹெர்ட்ஸ். மனிதக் காது தாழ்ந்த ஒலிகளை மந்தமாகவே கேட்பதால், ஒலி அளப்பவர்கள் பயன்படுத்தும் ‘ஏ’ எடையிடல் 160 ஹெர்ட்ஸில் 13 டெசிபல் அளவுக்கும், 80 ஹெர்ட்ஸில் 22 டெசிபலுக்கு மேலும் கழித்துவிடுகிறது. சைலன்சர் கைக்கு வருமுன்பே நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு இப்படி ஒரு சலுகை கிடைத்துவிடுகிறது. எஃப்3ஏ எனப்படும் ரேடியோ கட்டுப்பாட்டு மாதிரி விமான அக்ரோபாட்டிக் போட்டிகளில் இரண்டு ஸ்ட்ரோக்குக்கு 10 சி.சி., நான்கு ஸ்ட்ரோக்குக்கு 20 சி.சி. என்று ஒரு காலத்தில் வரம்பு இருந்தது. ஒலிக் கட்டுப்பாடுகள் இறுகியபோது பலர் நான்கு ஸ்ட்ரோக்கின் பக்கம் திரும்பினர். 1976-இல் ஓ.எஸ். நிறுவனத்தின் எஃப்எஸ்-60 சந்தைக்கு வந்ததிலிருந்து இந்த மென்மையான ஒலியே இவ்வகை எஞ்சின்களின் பெரிய ஈர்ப்பு.

ஆகவே சைலன்சரின் வேலை அந்தத் தாழ்ந்த முழக்கத்தை அடக்குவதன்று. வால்வு சட்டெனத் திறக்கும்போது எழும் கூர்மையான, உயர்ந்த அதிர்வெண் கொண்ட வெடிப்பொலியை மழுக்குவதே. குறுகிய குழாயிலிருந்து அகன்ற அறைக்குள் வாயு விரிந்து, மறுபடியும் குறுகிய வாய் வழியே வெளியேறுவதால் அந்தக் கூர்மை குறைகிறது. சைலன்சரைக் கழற்றி வெறும் குழாயோடு ஓட்டினால் வேறுபாடு உடனே காதில் உறைக்கும். அருகில் நின்று, எரிபொருளின் அளவைக் கூட்டிக் குறைக்கும் கார்புரேட்டர் ஊசியைத் திருகுபவருக்கு அது தொல்லைதான். ஆனால் சைலன்சரைப் பொருத்திய பின் எஞ்சி நிற்கும் இரைச்சலில் பெரும்பங்கு புரொப்பெல்லருடையது. 14 அங்குலப் புரொப்பெல்லர் 10,000 சுற்றில் சுழன்றால் அதன் முனை நொடிக்கு 186 மீட்டர் வேகத்தில் காற்றை வெட்டுகிறது. அதையே 8,500 சுற்றில் சுழலும் 15 அங்குலப் புரொப்பெல்லராக மாற்றினால் முனைவேகம் 170 மீட்டருக்கு இறங்குகிறது. பெரிய சைலன்சர் வாங்க நினைப்பவர்கள் முதலில் இந்த மாற்றத்தைச் செய்து பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினின் இயல்பும் தாழ்ந்த சுற்றில் பெரிய புரொப்பெல்லரை இழுப்பதுதான்.

சக்தி பற்றி விற்பனைக் குறிப்புகள் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டாம். ‘சுருதி சேர்த்த நீளம்’ என்ற பெயரில் விற்கப்படும் குட்டைக் குழாய்களைப் பற்றி ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வால்வு திறந்ததும் கிளம்பும் அழுத்த அலை குழாயின் முனையில் பட்டுத் திரும்பி, இரு வால்வுகளும் சேர்ந்து திறந்திருக்கும்போது வந்து சேர்ந்தால் மிச்சப் புகையை இழுக்க உதவும் என்பதே சுருதி சேர்ப்பின் அடிப்படை. வெளியேற்று வால்வு திறக்கும் நேரத்துக்கும் இரு வால்வுகளும் சேர்ந்து திறந்திருக்கும் நேரத்துக்கும் இடையே கிராங்க் ஏறத்தாழ 230 பாகை சுழல்கிறது என்று கொள்வோம். 10,000 சுற்றில் அதற்கு ஆகும் நேரம் நொடியில் ஆயிரத்தில் நான்கு பங்குக்கும் சற்றுக் குறைவு. சூடான புகையில் ஒலி நொடிக்கு 550 மீட்டர் வேகத்தில் செல்வதாக எடுத்துக்கொண்டால், அந்த நேரத்துக்குள் அலை போய்த் திரும்ப ஏறத்தாழ 1 மீட்டர் நீளக் குழாய் தேவைப்படுகிறது. மாதிரி விமானத்தின் மூக்கில் அதற்கு இடம் ஏது? 8 செ.மீ. குழாய்க்கும் 10 செ.மீ. குழாய்க்கும் இடையே சுருதி வேறுபாடு பேசுவதில் பொருளில்லை. சுற்றுகளை அளக்கும் டாக்கோமீட்டரில் நான் கண்டதும் இதற்கு ஒத்தே இருந்தது: வெறும் குழாய்க்கும் சைலன்சருக்கும் இடைப்பட்ட வேறுபாடு, ஊசியைச் சற்றே இப்படியும் அப்படியும் திருகினால் வரக்கூடிய வேறுபாட்டைவிடப் பெரிதாக இல்லை. வாயின் குறுக்களவை ஒரேயடியாகக் குறுக்கினால் மட்டும் நிலைமை மாறும். புகை தேங்கி, எஞ்சின் சூடேறி, வெளியேற்று வால்வின் மேல்தான் அந்தச் சுமை முதலில் விழும்.

இனி மரை இணைப்புக்கு வருகிறேன்.

இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களில் சைலன்சர் இரண்டு போல்ட்டுகளால் சிலிண்டரின் பக்கவாட்டில் நேரடியாக இறுக்கப்படுகிறது. நான்கு ஸ்ட்ரோக்கிலோ புகைக்குழாய் சிலிண்டர் ஹெட்டில் மரையால் திருகப்பட்டு, அதன் மறுமுனையில் சைலன்சர் மற்றொரு மரையால் தொங்குகிறது. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினின் ஒவ்வொரு வெடிப்பும் அந்தத் தொங்கும் எடையை உலுக்குகிறது. இதோடு வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. அலுமினியம் ஒவ்வொரு பாகை வெப்ப உயர்வுக்கும் பத்து லட்சத்தில் 23 பங்கு விரிகிறது, சாதாரண எஃகு 12 பங்குதான். எனவே எஞ்சின் சூடேறியதும் அலுமினிய ஹெட்டில் உள்ள துளை, எஃகுக் குழாயைவிட அதிகமாக அகன்று, குளிர்ந்த நிலையில் இறுக்கமாக இருந்த மரையில் இடைவெளி உண்டாகிறது. லாக் நட் தளர்வதற்கு நட்டின் தரத்தைக் குறை சொல்வதைவிட இந்த இயற்பியலைக் குறை சொல்வதே நியாயம்.

இந்தத் தொகுப்பில் அந்தத் தளர்வு முதல் சில ஓட்டங்களிலேயே தென்பட்டது. குழாய் சற்றுத் திரும்பியிருந்தது, நட்டின் அடியிலிருந்து கறுப்பு எண்ணெய் வடிந்திருந்தது. பெட்டியில் வந்த கையேடு ‘நன்றாக இறுக்கவும்’ என்ற ஒற்றை வரியோடு நிறுத்திக்கொள்கிறது. எந்த வரிசையில், எந்த நிலையில் இறுக்க வேண்டும் என்பதை அது சொல்லியிருக்க வேண்டும். இத்தனை துல்லியமாகக் கடைந்த பொருளுக்கு இத்தனை அலட்சியமான குறிப்பு பொருந்தவில்லை. நடைமுறையில் பலன் தந்த வழி இது. மரைகளை எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்து, லாக் நட்டைக் குழாயின் மேற்பகுதிவரை பின்னுக்கு ஏற்றிவிட்டு, குழாயை ஹெட்டுக்குள் குறைந்தது ஐந்தாறு மரையாவது பிடிக்கும்படி திருக வேண்டும். துளையின் அடியில் போய் முட்டும்வரை திருகக் கூடாது. முட்டிய குழாயை வேண்டிய திசைக்குத் திருப்பிக் கொண்டுவர முடியாது. திசையைச் சரிசெய்த பின் குழாயை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை ஹெட்டின் முகத்தோடு இறுக்க வேண்டும். சைலன்சர் முனையிலும் இதே முறைதான். பிறகு எஞ்சினை ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தி, சூடு ஆறுவதற்குள் கையுறையுடன் இரு நட்டுகளையும் மறுபடி இறுக்க வேண்டும். இந்தச் சூட்டு இறுக்கத்தை இரண்டு மூன்று முறை செய்த பிறகு, எரிந்த எண்ணெயின் கரி மரைகளுக்குள் படிந்து தானே பசையாக வேலை செய்யத் தொடங்குகிறது. குறிப்பாக எரிபொருளில் ஆமணக்கெண்ணெய் கலந்திருந்தால் அந்தப் பிடி மிக உறுதியானது.

மரைப் பசைகளைப் பற்றிப் பலரும் கேட்பதுண்டு. சாதாரண வகைகள் 150 பாகை செல்சியஸ் அளவிலேயே வலுவிழந்துவிடுவதால், ஹெட்டின் வாயருகே அவற்றுக்கு வேலையில்லை. உயர்வெப்பம் தாங்கும் சிலிக்கோன் பசையை மரையில் மெல்லியதாகப் பூசி ஓரிரவு காயவிடுவது கசிவை நிறுத்துகிறது. பிடிமானத்தைப் பெரிதாகக் கூட்டுவதில்லை. இறுக்கம் போதவில்லை என்று நீண்ட கைப்பிடியுள்ள ஸ்பானரைத் தேடுவது ஆபத்தானது. அலுமினியத்தில் வெட்டிய நுண்மரை உரிந்துவிட்டால் அதைச் சீர்படுத்துவது எளிதன்று. சைட்டோ போன்ற எஞ்சின்களில் சிலிண்டரும் ஹெட்டும் ஒரே பாகமாக இருப்பதால், உரிந்த மரை முழுச் சிலிண்டரையே மாற்ற வைக்கும். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மரை அளவு வேறுபடுகிறது, ஒரே தயாரிப்பாளரின் சிறிய எஞ்சினுக்கும் பெரிய எஞ்சினுக்கும்கூட வேறுபடுகிறது என்பதையும் வாங்குபவர்கள் மறக்கக் கூடாது. இரண்டு சுற்று எளிதாக ஏறி மூன்றாம் சுற்றில் கடினமாகும் குழாய், உங்கள் எஞ்சினுக்கானது அன்று.

அடுத்தது வளையும் எஃகுக் குழாய். துருப்பிடிக்காத எஃகில் நெளிவுகளோடு செய்யப்பட்ட இது, கவுல் எனப்படும் எஞ்சின் மூடிக்குள் சைலன்சரை மறைக்க விரும்புபவர்களுக்கு உண்மையிலேயே பயன்படும் பொருள். ஃபயர்வாலையும் (எஞ்சினுக்குப் பின்னுள்ள தடுப்புப் பலகை) எஞ்சின் மவுண்டையும் (எஞ்சினைத் தாங்கும் சட்டம்) சுற்றிக் குழாயைக் கொண்டுபோய், விமானத்தின் வயிற்றுப்புறத்தில் வாயை வைக்க முடிகிறது. ஆனால் ‘வளையும்’ என்ற பெயரைப் பார்த்து அடிக்கடி வளைக்கலாம் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு முறை வளைத்து அப்படியே விட்டுவிடுவதற்கான குழாய் இது. அதே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் நெளிவின் அடியில் மயிரிழை விரிசல் விடும். முதலில் ஒரு கெட்டிக் கம்பியை வளைத்து வடிவத்தை முடிவுசெய்துகொண்டு, அதற்கு ஏற்பக் குழாயை ஒரே முறையில் மெல்ல வளைப்பதே முறை. நட்டை ஒட்டிய கழுத்துப் பகுதியை வளைக்கவே கூடாது.

இந்தக் குழாயின் முனையில் சைலன்சரைத் தாங்கல் ஏதுமின்றித் தொங்கவிட்டவர்கள் பிறகு குழாயைக் குறை சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பழி குழாயைச் சேராது. நீளம் கூடக்கூட நெம்புகோல் கையும் கூடுகிறது, ஒவ்வொரு வெடிப்பின் உலுக்கலும் கழுத்தில் வந்து விழுகிறது. சைலன்சருக்கு ஒரு பட்டைப் பிடி தேவை. அந்தப் பிடியை எங்கே கட்டுவது என்பதும் முக்கியம். எஞ்சின் கெட்டியான மவுண்டில் இருந்தால் ஃபயர்வாலில் கட்டலாம். ரப்பர் மெத்தை கொண்ட மவுண்டில் இருந்தால் எஞ்சின் ஒரு திசையிலும் ஃபயர்வால் வேறு திசையிலும் அசையும். அப்போது பிடியை எஞ்சினோடு சேர்ந்து அசையும் மவுண்டின் பகுதியிலோ, சிலிக்கோன் திண்டு வைத்தோதான் கட்ட வேண்டும். இதைக் கவனிக்காமல் இரண்டு முனைகளையும் இறுகக் கட்டினால், நல்ல குழாயும் நெடுநாள் தாங்காது. இந்த நிபந்தனைகளோடு பார்த்தால், கவுல் உள்ள விமானத்துக்கு இதை வாங்கலாம் என்பேன். சைலன்சர் வெளியே தெரிவதைப் பொருட்படுத்தாத பயிற்சி விமானத்துக்கு இது வேண்டாத செலவு.

கவுலுக்குள் சைலன்சரை வைப்பவர்கள் அதன் வெப்பத்தையும் உள்ளே வைக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. காற்று நுழையும் வழியைவிட வெளியேறும் வழி இரண்டு மடங்காவது பெரிதாக இருக்க வேண்டும். சூடேறிய காற்றுக்கு அதிக இடம் வேண்டும், வெளியேறும் வழி குறுகினால் உள்ளே வரும் காற்றும் நின்றுவிடும். மாதிரி விமானங்களில் பயன்படும் சாதாரண எபாக்சி 60 பாகையை ஒட்டிய வெப்பத்திலேயே மிருதுவாகத் தொடங்குவதால், ஃபயர்வால் ஒட்டின் அருகே குழாயைக் கொண்டுபோகக் கூடாது. எரிபொருள் குழாய் புகைக்குழாயைத் தொடுவது அதைவிட மோசம்.

அழுத்த நிப்பிளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். புகையின் அழுத்தத்தில் ஒரு பகுதியை டேங்குக்கு அனுப்பி, மூக்கு மேல்நோக்கி ஏறும்போது எரிபொருள் குறையாமல் பார்ப்பது அதன் வேலை. பெட்டியில் வந்த நிப்பிளில் சிறு வாஷர் இருந்தும் அது தளர்ந்தது. மேலே சொன்ன சூட்டு இறுக்கம் இதற்கும் பொருந்தும். துளை நுண்ணியது என்பதால் கரி அடைத்துக்கொள்ளும். அடைத்தால் தரையில் ஒழுங்காக ஓடும் எஞ்சின் வானில் எரிபொருள் வற்றி நிற்கும். மெல்லிய கம்பியால் அவ்வப்போது குத்தி விடுவது போதும். சைலன்சரை நீக்கி வெறும் குழாயோடு ஓட்டுபவர்கள் டேங்கின் காற்றுக்குழாயைத் திறந்துவிட்டு ஊசியைப் புதிதாகச் சரிசெய்ய வேண்டும். தமக்கென எரிபொருள் அழுத்த ஏற்பாடு கொண்ட ஒய்.எஸ். போன்ற எஞ்சின்களுக்கு இந்த நிப்பிளே தேவையில்லை.

சிலிக்கோன் வாய்க்குழாய் விலை குறைந்த பொருள், ஆனால் அதன் பலன் அதிகம். குளோ எரிபொருளில் 15 முதல் 20 சதவீதம் எண்ணெய் இருக்கிறது, அதில் பெரும்பகுதி எரியாமலே புகையோடு வெளியே வருகிறது. சைலன்சரின் வாய் உடற்பகுதியின் பக்கம் திரும்பியிருந்தால் ஒவ்வொரு பறப்புக்குப் பின்னும் வாலின் நுனிவரை துடைக்க வேண்டியிருக்கும். ஒரு விரல் நீளச் சிலிக்கோன் குழாயை வாயில் செருகி, பட்டைக் கட்டால் இறுக்கி, வெளிநோக்கித் திருப்பிவிட்டால் அந்த வேலை பெருமளவு மிச்சம். குழாயின் உள்விட்டம் சைலன்சர் வாயின் விட்டத்தைவிடக் குறையக் கூடாது. எஞ்சின் எரிபொருள் போதாமல் சூடாக ஓடினால் இதன் விளிம்பு கருகுவதைக் காணலாம். அது குழாயின் குறைபாடு என்று எண்ணாமல், ஊசியைச் சற்றுத் திறக்கச் சொல்லும் அறிகுறியாக எடுத்துக்கொள்வது நல்லது.

எஞ்சினைத் தலைகீழாகப் பொருத்துபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. புகைக்குழாய் ஹெட்டிலிருந்து மேல்நோக்கி ஏறிச் சைலன்சரை அடையும்படி அமைத்தால், நிறுத்திய பின் சைலன்சரில் தேங்கும் எண்ணெய் திரும்பவும் வால்வு வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கக்கூடும். அந்த நிலையில் மின் ஸ்டார்ட்டரை வைத்துச் சுழற்றினால், அழுத்த முடியாத திரவத்தின் மேல் பிஸ்டன் மோதி இணைப்புத் தண்டு வளையும். ஒவ்வொரு முறையும் புரொப்பெல்லரைக் கையால் இரண்டு சுற்று சுழற்றிப் பார்த்துவிட்டே ஸ்டார்ட்டரை எடுக்க வேண்டும். சைலன்சரின் வாய் எப்போதும் எல்லாவற்றிலும் தாழ்ந்த புள்ளியாக இருக்கும்படி அமைப்பது இன்னும் மேல்.

சுத்தம் செய்வதில் இந்தத் தொகுப்பு தொல்லை தரவில்லை. படிந்த பழுப்பு நிற எண்ணெய்க் கறையை நீக்க, கார் ரேடியேட்டரில் ஊற்றும் கிளைகால் (glycol) திரவத்தில் மெல்லிய சூட்டில் சில மணி நேரம் ஊறவைப்பது நல்ல முறை; அந்தத் திரவம் நஞ்சு என்பதால் அதற்கென ஒதுக்கிய பாத்திரத்தைச் சமையலுக்கு மறுபடி எடுக்கவே கூடாது. காஸ்டிக் சோடா கலந்த அடுப்புச் சுத்திகரிப்பான்கள் அலுமினியத்தை அரித்துக் கறுக்கச் செய்யும். கரி பிடித்து இறுகிய நட்டைக் கழற்ற வெப்பக் காற்றுத் துப்பாக்கியால் சூடாக்கினாலே போதுமானது.

ஒரு குறிப்பிட்ட உண்மை விமானத்தின் வடிவத்தை அப்படியே கொண்டுவர விரும்பி, புகைவாய் அந்த விமானத்தில் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு மட்டும் கடையில் கிடைக்கும் எதுவும் போதாது. அவர்கள் செம்புக் குழாயில் தாமே செய்துகொள்ள வேண்டியதுதான். செம்பைச் சிவக்கக் காய்ச்சி நீரில் தோய்த்தால் மிருதுவாகும், உலர்ந்த நுண்மணலை உள்ளே இறுக நிரப்பி வளைத்தால் நசுங்காது. இணைப்புகளுக்குச் சாதாரண ஈயப் பற்றவைப்பு உதவாது. வெள்ளீயமும் ஈயமும் கலந்த அது 190 பாகைக்குள் உருகிவிடும். வெள்ளி சிறிதளவே கலந்த மென்பற்றுக் கம்பியும் 220 பாகையை ஒட்டி உருகும். 600 பாகைக்கு மேல் உருகும் வெள்ளிப் பற்றவைப்பே எஞ்சினின் வாயருகே நிற்கும். ஹெட்டில் திருகும் மரை முனையை மட்டும் தாமே வெட்ட முயலாமல், எஞ்சின் தயாரிப்பாளரின் பழைய புகைக்குழாயொன்றை வாங்கி, அதன் மரைப் பகுதியை அறுத்தெடுத்துச் செம்போடு பற்றவைப்பது பாதுகாப்பானது.